பெட்டியோடு வந்த அக்கா

மூன்றாவது இடமாவது கூடிவருமா, இதுவும் கைநழுவிப் போகுமா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். அதற்காகத்தான் சனிக்கிழமை காலையிலேயே லேப்டாப் வாங்கக் கிளம்பியிருந்தான் நரசிம்மன்.

ஆளைக் குறை சொல்ல முடியாது. நாமக்கல்லில் பிறந்தவன், ஹாஸ்டல்களில் வளர்ந்தவன். மெல்போர்னுக்குக் கம்ப்யூட்டர் வேலையாக வந்து, புறநகரான பொயிண்ட் குக்கில் புத்தம்புது வீடு கட்டிக் குடியேறியிருந்தான். ஒரே ஒரு குறை. அவனுக்கென்று யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். முதலில் பார்த்த பெண் வீட்டார், "பேசி முடிக்க உங்க பக்கம் ஒரு பொம்பளை கூட இல்லையே தம்பி" என்று கழன்றுகொண்டார்கள். அடுத்த வீட்டார் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை.

இப்போது வந்திருப்பது துறையூர் இடம். பெண் பெயர் யோகா. கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். போட்டோவில் சிரிக்காமல் நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை நரசிம்மனைப் பிடித்துக்கொண்டது. இது தவறினால் இனிமேல் பெண் பார்ப்பதில்லை என்று முடிவே செய்திருந்தான். பெண்ணின் அம்மா நாகலட்சுமி மட்டும் கறாரான மனுஷி. "மாப்பிள்ளையையும் வீட்டையும் கேமராவுல பாக்காம மேற்கொண்டு பேச்சில்லை" என்று தரகரிடம் சொல்லிவிட்டார். ஆபீஸில் கொடுத்த லேப்டாப்பில் கேமரா கிடையாது.

"புதுசு வாங்காதேயும் ஐசே" என்றார் காரை ஓட்டிக்கொண்டிருந்த மகேந்திரராஜா. கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியும் வாய் ஓயாதவர். "கம்பெனிக்காரனே நடத்திற அவுட்லெட் ஒண்டு இருக்கு. ஆக்கள் வாங்கிப்போட்டுத் திருப்பிக் குடுத்ததைத் திருத்தி, துடைச்சு, பாதி விலைக்கு விப்பாங்கள். என்ர மகளுக்கும் அங்கதான் வாங்கினனான்."

"பழசாண்ணே? கல்யாண விஷயமாச்சே..."

"நீர் கட்டப்போறது பொம்பிளையையோ, கம்ப்யூட்டரையோ?"

அவுட்லெட் என்பது தொழிற்பேட்டைக்குள் ஒரு தகரக் கொட்டகை. விளம்பரப் படங்கள் இல்லை, விளக்கு அலங்காரம் இல்லை. சிமெண்ட் தரையில், படம் அச்சடிக்காத பழுப்பு அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கவுண்டரில் இருந்த வியட்நாமியப் பெண், கையில் வந்த ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள்.

"இதை ஏன் திருப்பிக் கொடுத்தாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் நரசிம்மன்.

"வேண்டாம்னு தோணியிருக்கும். அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க." அவள் சூயிங்கம்மை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். "டிஸ்க் புதுசு, கேமரா புதுசு. உள்ள பழசுன்னு ஒண்ணும் கிடையாது, வெளிக்கூடு மட்டும்தான் பழசு. பிடிக்கலையா, மாசம் முடியறதுக்குள்ள கொண்டு வாங்க. ஒரு கேள்வியும் கேக்காம எடுத்துக்குவோம்."

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தான். விசைகளுக்குக் கீழே உள்ளங்கை வைக்கும் இடம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் கையை எடுத்த மாதிரி. காரில் ஹீட்டர் ஓடியதால் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சோபா. அதற்கும் பின்னால் வெள்ளைச் சுவர். துறையூரில் அப்போது காலை. திரையில் நாகலட்சுமி நடுவில் இருந்தார். பக்கத்தில் அவர் கணவர் பழனிசாமி பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். யோகா கண்ணில் படவில்லை.

"வேலை சரி, வீடு சரி" என்றார் நாகலட்சுமி. "எம்பொண்ணு நாளைக்கு மசக்கையில வாந்தி எடுத்தா தலையைப் புடிக்க அங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேங்க."

"நீங்கதான் ஆபீஸ் போயிருவீங்களே."

"லீவு போடலாங்க."

"மாசக்கணக்காவா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் வந்தது. 'இது சரிப்படாது' என்ற அந்தச் செருமலின் அர்த்தம் நரசிம்மனுக்குப் பழகிப்போன ஒன்று. ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வாசல் மணி அடித்தது. கரண்ட் கம்பெனியை மாற்றிக்கொள்ளச் சொல்லி வீடு வீடாக வரும் ஆள். பல்லைக் கடித்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டு வந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

திரையில் நாகலட்சுமியின் முகமே மாறியிருந்தது. வாய் நிறையச் சிரிப்பு.

"ஏன் தம்பி, இம்புட்டு நேரம் அக்காவை ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

நரசிம்மன் திரும்பிப் பார்த்தான். சோபா, சுவர். வேறு ஒன்றும் இல்லை.

"எந்த..."

"அட, கூச்சப்படாதீங்க. இப்பத்தான் பேசிட்டு எந்திரிச்சாங்க. என்ன தங்கமான மனுஷி! 'என்ர தம்பிக்கு நான் இருக்கிறன், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ'ன்னு என் கையைப் புடிச்ச மாதிரி சொன்னாங்க. பேச்சு மட்டும் இலங்கைப் பக்கமா இருக்கே?"

பழனிசாமி பேப்பரைத் தாழ்த்திவிட்டு முதல்முறையாக அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

இந்த இடத்தில் நரசிம்மன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இங்கே யாரும் இல்லைங்க" என்றால் முடிந்தது. ஆனால் முடிந்தே போயிருக்கும். ஆளே இல்லாத வீட்டில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து பேசினாள் என்றால், அவளை யாரென்று நினைப்பார்கள்? மாப்பிள்ளை எவளையோ வீட்டில் வைத்திருக்கிறான் என்பார்கள். மூன்றாவது கதவும் சாத்திக்கொள்ளும்.

"பெரியம்மா பொண்ணுங்க" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "எனக்கு அக்கா முறை. இலங்கைக்காரங்களோடயே பழகிப் பழகி, பேச்சு அப்படி ஆயிப்போச்சு."

"சிவனேஸ்வரின்னு பேரு சொன்னாங்க. பொம்பளைன்னு ஒருத்தர் இருந்தா எனக்குப் போதும் தம்பி. இனி எனக்குக் கவலையே இல்லை."

இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்தபோது பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். சோபாவின் பிளாஸ்டிக் உறையில் ஒருவர் உட்கார்ந்த பள்ளம் விழுந்திருந்தது. அது மெல்ல மெல்ல மேலெழும்பி நிரம்பிக்கொண்டிருந்தது.

வீடு முழுக்கத் தேடினான். கராஜ், துணி துவைக்கும் அறை, சாமான் எதுவும் வாங்கிப்போடாத படுக்கையறைகள். பின்கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது. இன்னாருடைய பேய் என்று சொல்ல அந்த வீட்டில் முன்பு யாரும் குடியிருந்ததுகூட இல்லை. அவன்தான் முதல் ஆள்.

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் மகேந்திரராஜாவிடம் சொன்னான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உமக்குக் கலியாண விசர் முத்திப்போச்சு ஐசே! மாமிக்கும் கண் தெரியேல்லைப் போல. நல்ல பொருத்தம்!"

"பேர்கூடச் சொல்லியிருக்காங்கண்ணே. சிவனேஸ்வரியாம்."

மகேந்திரராஜாவின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார்.

"நாமக்கல்லில ஆரும் இந்தப் பேர் வைப்பினமோ?"

"நான் கேள்விப்பட்டதில்லைண்ணே."

"வேற என்ன சொன்னவவாம்?"

"'என்ர தம்பிக்கு நான் இருக்கிறன்'னு."

மகேந்திரராஜா ஜன்னலுக்கு வெளியே கார்களைப் பார்த்தார்.

"இந்த வருசம் எங்கட ஆக்களுக்குள்ள எத்தினை அக்காமார் கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்தவை தெரியுமே? தம்பி வன்னிச் சண்டைக்குள்ள. எங்கையாவது இருந்து கூப்பிடுவான், முகத்தைக் காட்டுவான் எண்டு. வேலைக்குப் போகேல்லை, சமைக்கேல்லை, அசையேல்லை. சிலபேருக்கு ஒரு சேதி வந்தது. சிலபேருக்கு அதுகும் வரேல்லை." அவர் நரசிம்மன் பக்கம் திரும்பினார். "கொண்டுபோய்க் குடுத்திடும் ஐசே. நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"கொடுத்துட்டா, அக்கா எங்கன்னு கேப்பாங்களே?"

"சிட்னிக்குப் போயிட்டா எண்டு சொல்லும்."

"அக்காகிட்ட பேசித்தான் தேதி குறிக்கணும்னு நிக்கிறாங்கண்ணே. இது மூணாவது இடம்."

"உமக்கு விளங்கேல்லை." மகேந்திரராஜா குரலைத் தாழ்த்தினார். "அது உமக்கு ஒரு பொய். தம்பி ஒருத்தன் வருவான் எண்டு இருந்த மனுசிக்கு அது அப்பிடியில்லை. ஒருத்தன் வந்து வாய் திறந்து, அக்கா எண்டு சொல்லிப்போட்டான். இனி அவ ஏன் போறா?"

அந்த வாரம் முழுவதும் நரசிம்மன் காலையில் லேப்டாப்பை மூடி, அதன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான். மாலையில் வந்து கதவைத் திறந்தால் அது மூடி திறந்து, வாசலைப் பார்த்தபடி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரும் வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் போல. ஒருநாள் வேலை முடிய நேரமாகிவிட்டது. அன்றைக்கு அது மேஜையில் இல்லை. வாசலுக்கு உள்ளே, கதவை ஒட்டித் தரையில் இருந்தது.

அடுத்த ஞாயிறு, நாகலட்சுமி எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "நீங்க செத்த வெளிய போங்க தம்பி. பொம்பளைங்க பேசிக்கிறோம்."

நரசிம்மன் எழுந்தான். பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு, துணி காயப்போடும் கம்பத்துக்கு அருகில் போய் நின்றான். குளிர்காற்று காதை அறுத்தது. கதவின் வழியே மேஜை தெரிந்தது. காலி நாற்காலி தெரிந்தது. திரையில் நாகலட்சுமி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க... அதுவும் சரிதான்... அப்புறம்?"

இடையிடையே நிறுத்தி, தலையாட்டிக் கேட்டார். எதைக் கேட்கிறார்? நரசிம்மன் மூச்சை அடக்கிக் காது கொடுத்தான். ஒரு பக்கத்துப் பேச்சுதான் வந்தது. மறுபக்கம் இருக்க வேண்டிய இடத்தில் அமைதிதான் இருந்தது.

"ஐயோ பாவமே!" என்றார் நாகலட்சுமி திடீரென்று. முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி சிரித்தார். பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"ஆவணியில நாள் பாத்தாச்சு மாப்பிள்ளை!" தம்பி என்ற பேச்சு மாப்பிள்ளையாக மாறியிருந்தது. நரசிம்மனுக்கு அந்த ஒரு சொல்லில் கண் கலங்கிவிட்டது. "உங்க மேல எம்புட்டு உசுரு வச்சிருக்காங்க! தம்பி முகத்தைப் பாக்கத்தான் இந்த மிஷினையே வாங்கினாங்களாமே. நீங்க வர்ற வரைக்கும் இது முன்னாலயே உக்காந்திருப்பாங்களாம். சாப்பிடக்கூட எந்திரிக்க மாட்டாங்களாம்."

நரசிம்மன் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஒண்ணுதான் இடிக்குது. கல்யாணத்துக்கு வர முடியாதுங்கிறாங்க. 'இதை விட்டிட்டு என்னால அசைய ஏலாது'ங்கிறாங்க. எதை விட்டுன்னு கேட்டா சிரிக்கிறாங்க. மொத முடிச்சு நீங்க போட்டா, அடுத்த ரெண்டு முடிச்சு நாத்தனார்தானே போடணும்? அதுக்கு யாரு இருக்கா உங்க பக்கம்? நீங்க கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்திருங்க."

அன்றிரவு அவன் விளக்கை அணைக்காமல் படுத்தான். விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். பொய்யோடு தாலி கட்ட முடியாது. யோகாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவது. பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. மகேந்திரராஜா சனிக்கிழமை காருடன் வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் யோகா தனியாகத் திரைக்கு வந்தாள். போட்டோவில் இருந்ததைப் போலவே நேர்ப்பார்வை.

"அம்மாவும் அப்பாவும் பத்திரிகை வைக்கப் போயிருக்காங்க. சொல்லுங்க."

அவன் தயார்செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "யோகா, உங்க வீட்ல நான் ஒரு பொய் சொல்லிட்டேன். எனக்கு அக்கான்னு யாரும் கிடையாது. பெரியம்மாவே கிடையாது. இந்த வீட்ல என்னைத் தவிர யாருமே இல்லை."

யோகாவின் கண்கள் அவன் முகத்தை விட்டு நகர்ந்து, அவன் தோளுக்கு மேலே போய் நின்றன.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் மெதுவாக. "அவங்க அழறாங்க."

நரசிம்மன் திரும்பவில்லை. திரும்புவதற்குக் கழுத்து வரவில்லை.

"நீங்க... நீங்களும் பாக்கறீங்களா?"

"மொத நாளே பாத்தேன். அம்மா பேசிட்டிருந்தப்ப கதவோரமா நின்னேன். நீங்க வாசல்லேர்ந்து வந்து, அவங்க எந்திரிக்கறதுக்குள்ள அவங்க மேலயே உக்காந்தீங்க. அவங்கதான் சட்டுன்னு ஒதுங்கி இடம் விட்டாங்க. கண்ணுக்குத் தெரிஞ்சா யாராவது அப்படி உக்காருவாங்களா? அம்மா பேச்சு சுவாரசியத்துல கவனிக்கலை. எனக்கு அன்னிக்கே புரிஞ்சுபோச்சு."

"பயமா இல்லையா உனக்கு?" மரியாதையெல்லாம் தானாகவே உதிர்ந்துவிட்டிருந்தது.

"ரெண்டு நாள் தூங்கலை. அப்புறம் யோசிச்சேன். உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்ல இந்த உலகத்துல அவங்க ஒருத்தர்தான் வந்தாங்க."

"யோகா, அது யாருன்னே எனக்குத் தெரியாது. இன்னிக்கு இதைத் திருப்பிக் கொடுத்துடப் போறேன். கார் வந்துட்டிருக்கு."

யோகாவின் முகம் மாறியது. கோபம் இல்லை. கரும்பலகையில் தப்பான விடையைப் பார்க்கும் வாத்தியாரம்மாவின் முகம்.

"இல்லாதப்ப இருக்காங்கன்னு சொன்னீங்க. அந்த வார்த்தையை நம்பி ஒருத்தர் வந்து உக்காந்திருக்காங்க. இப்ப இல்லைங்கறீங்க. உங்களுக்கு வேணுங்கறப்ப அக்கா, வேண்டாங்கறப்ப யாரோ. நாளைக்கு நான் வந்து உக்காந்தப்புறம் என்னை என்ன சொல்வீங்க?"

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

"கொடுத்துட்டீங்கன்னா எங்கம்மாகிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லிருங்க" என்றாள் யோகா. திரை இருண்டது. இருண்ட திரையில் தன் முகத்தைப் பார்த்தான். அதில் அவன் ஒருவன்தான் இருந்தான். இருந்தும், வலது தோளில் எடையே இல்லாத ஒன்று வந்து அமர்ந்தது. ஒரு கை வைத்த மாதிரி. தேற்றுவதற்கு வைப்பார்களே, அந்த மாதிரி.

வாசலுக்குப் போனான். மகேந்திரராஜா காரிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் வராமல் புல்தரையிலேயே நின்றார்.

"பெட்டி எங்க?"

"கொடுக்கலைண்ணே."

அவர் அவனைப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால், திறந்திருந்த கதவுக்குள் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்கண்ணே. காபி போடறேன்."

"இல்லை ஐசே, நான் போயிட்டு வாறன்." காருக்குள் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார். "அவவுக்கு என்ன வயசிருக்கும் எண்டு மாமி ஏதும் சொன்னவவே?"

"கேக்கலைண்ணே. ஏன்?"

"ஒண்டுமில்லை" என்றார் மகேந்திரராஜா. அவர் முகம் வெளிறியிருந்தது. "நரைக்கத் தொடங்கின வயசு."

ஆவணியில் நரசிம்மன் துறையூருக்குப் போனான். லேப்டாப்பைக் கைப்பையில் வைத்து, விமானத்தில் மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்தான். யோகா கேட்டது அது ஒன்றைத்தான். "அதை விட்டு அசைய முடியாதுன்னுதானே சொன்னாங்க? அதையும் கொண்டு வாங்க" என்று போனில் சொல்லியிருந்தாள்.

கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நடு நாற்காலியில் அதைத் திறந்து வைத்தார்கள். ஒயர் சொருகவில்லை. இன்டர்நெட் என்ற பேச்சே அந்த மண்டபத்தில் இல்லை. ஆனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. "ஆஸ்திரேலியாவுலேர்ந்து மாப்பிள்ளையோட அக்கா பாக்கறாங்களாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கடந்து போன சில பெரியவர்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நாகலட்சுமி தாம்பாளத்தில் பட்டுப்புடவையும் பூவும் பழமும் வைத்து நாற்காலிக்கு முன்னால் கொண்டு வந்தார். "நாத்தனாருக்கு வைக்கிற மரியாதை. அங்க இருந்தாலும் முறை முறைதான்" என்றார்.

மாப்பிள்ளை பக்கம் நிற்க ஆளில்லாததால், யோகாவுடன் கல்லூரியில் வேலை பார்க்கும் விஜயாவை நாத்தனார் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். விஜயா கையில் விளக்கோடு பெண்ணின் பின்னால் தயாராக நின்றாள்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

நாதஸ்வரமும் தவிலும் மண்டபத்தை நிறைத்தன. அட்சதை மழையாய் விழுந்தது. நரசிம்மன் மஞ்சள் கயிற்றை யோகாவின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய், பின்னங்கழுத்தில் முதல் முடிச்சைப் போட்டான். அவ்வளவுதான் அவன் வேலை. கயிற்றின் நுனிகளை விஜயாவிடம் கொடுக்க வேண்டும்.

நுனிகளைச் சில விரல்கள் வாங்கிக்கொண்டன.

சில்லென்றிருந்தன. ஆவணி வெயிலில், ஆயிரம் பேர் மூச்சுவிடும் மண்டபத்தில், மெல்போர்ன் குளிர்காலத்துக் குழாய்த் தண்ணீரைப் போல அப்படி ஒரு குளிர். விரல்கள் அவன் விரல்களின் மேலேயே பட்டுப் பட்டு, இரண்டாவது முடிச்சைப் போட்டன.

நரசிம்மன் ஓரக்கண்ணால் பார்த்தான். விஜயா விளக்கோடு ஒரு எட்டு தள்ளி நின்றிருந்தாள். வயதில் பெரியவருக்கு வழிவிட்டு நிற்பவர்களைப் போல் மரியாதையாக ஒதுங்கி நின்றாள். நாற்காலிக்கு முன்னால் தாம்பாளத்தில் இருந்த பட்டுப்புடவையைக் காணவில்லை.

ஐயர் மந்திரத்தை நிறுத்தி, நரசிம்மனுக்கும் யோகாவுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னார்: "மூணாவதை நல்லா இறுக்கமாப் போடும்மா. புதுக் கயிறு, வழுக்கும்."

"திரும்பாதீங்க" என்றாள் யோகா, குனிந்த தலை நிமிராமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "கட்டி முடிக்கட்டும்."

அவன் திரும்பவில்லை. ஊரெல்லாம் கேட்கும்படி பலமுறை சொன்ன அந்த வார்த்தையை, சொல்ல வேண்டியவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே, உதடு மட்டும் அசையச் சொன்னான்.

"அக்கா."

விரல்கள் நின்றன.

ஒரு கணம் மேளமும் கூட்டமும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. பிடரியில் குளிர்ந்த மூச்சு ஒன்று பட்டது. அழுகைக்கு முன்னால் வரும் நீளமான மூச்சு. பிறகு அந்த விரல்கள் மறுபடி வேலையைத் தொடங்கின. நிதானமாக, அவசரமே இல்லாமல், கயிற்றை அவன் சுண்டுவிரலையும் சேர்த்துச் சுற்றின. மூன்றாவது முடிச்சை இழுத்து இறுக்கின.

சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாகலட்சுமி ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நரசிம்மன் விரலை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். மெல்ல இழுத்தான், பிறகு பலமாக இழுத்தான்.

முடிச்சு விடவில்லை.